கோட்டுப் போட்ட எதிரி

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாற்பது வயதை நெருங்கும்போது மற்றவர்கள் மூக்குக்கண்ணாடி வாங்குகிறார்கள். நான் ஜுஜுத்ஸு கற்கப் போனேன்.

ஜுஜுத்ஸு என்றால்? ஜப்பான் தேசத்துக் குஸ்தி. இளைத்தவன் பருத்தவனைத் தூக்கி எறிகிற வித்தை. இதில் இளைப்பது மட்டும் எனக்கு ஏற்கெனவே கைவந்திருந்தது. சிறுவயதில் சிலம்பமும் பழகியிருக்கிறேன் — என் கம்பு என் மண்டையைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை.

இந்த வயதில் எதற்கு இந்த வீராப்பு என்று கேட்கிறீர்களா? எல்லாம் என் மைத்துனன் செங்கோடனால்தான்.

என் மாமனார் ஊர் புதுச்சத்திரத்துக்குப் பக்கம். ஆடிப் பண்டிகைக்கு நானும் மனைவியும் சேலத்திலிருந்து பஸ்ஸில் போய் இறங்குவோம். செங்கோடன் மாட்டுவண்டியோடு நிற்பான். முதலில் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைப்பான், அடுத்து என்னை.

"ஏனுங்க மச்சான், போன வருசத்துக்கு இந்த வருசம் மூட்டை கனம் கொறஞ்சு போச்சுங்களே! அக்கா சோறு போடறதில்லீங்களா?"

ரோட்டோரம் நிற்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள். கல்யாணமான நாள் முதல் ஒரு தடவையாவது அந்த வண்டியில் நானே காலை வைத்து ஏறியதுண்டா? கிடையாது.

இந்த நிலையில்தான் பினாங்கிலிருந்து சேலத்துக்குத் திரும்பிய ஒரு மாஸ்டரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அங்கே ஜப்பான்காரர் ஒருவரின் போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்து, ஒழிந்த நேரத்தில் வித்தையும் கற்றவர். வகுப்பில் இரண்டே சட்டங்கள். எதிரிக்கு முதலில் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். எல்லோரும் கோட்டுப் போட்டிருக்க வேண்டும்.

"காலர் இல்லாட்டி பிடி ஏதுங்க?" என்றார் மாஸ்டர்.

ஆகவே ஒரு வக்கீல் குமாஸ்தா, ஒரு ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை, நான் — சேலத்து வெயிலில், பழைய கோட்டுகளுக்குள் வெந்துகொண்டு, கடலைத்தோல் அடைத்த சாக்குகளின்மேல் ஒருவரையொருவர் காலரைப் பிடித்து உருட்டினோம். பங்குனியில் ஆரம்பித்தேன். ஆனி முடிவதற்குள் குமாஸ்தாவை என் இடுப்பில் ஏற்றி எறிந்துவிட்டேன்! சாதாரண ஆளா அவர்? ஜில்லா கோர்ட்டையே கலக்குகிறவர்.

ஆடி வந்தது. வகுப்புக் கோட்டோடு பஸ்ஸை விட்டு இறங்கினேன். சட்டப்படி செங்கோடனுக்குக் குனிந்து வணக்கம் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தால்... வண்டியில் இருந்தேன்.

பொறுத்தது போதும். வீட்டு வாசலில் வைத்துச் சவால் விட்டேன். "செங்கோடா, நான் உன்னைக் கீழே தள்ளிவிட்டால் இனிமேல் என்னைத் தூக்கக் கூடாது. தள்ளாவிட்டால் ஆயுசு பூராவும் தூக்கிக்கொள்."

"சரிங்க மச்சான், வாரேன்" என்றான்.

வந்தான். பண்டிகை எண்ணெய்க் குளியலுக்குத் தயாராகி, இடுப்பில் ஒரு துண்டு, தலை முதல் கால் வரை நல்லெண்ணெய். மார்பு கருங்கல் தூண் மாதிரி மின்னியது. எங்கே காலர்? எங்கே கைமடிப்பு? தோளைப் பிடித்தேன், வழுக்கியது. கையைப் பிடித்தேன், விரால் மீன். மூன்றாம் முறை நானே சறுக்கிப் போய் மாட்டுத்தொட்டியோரம் உட்கார்ந்தேன்.

"ஏஞ்சாமி, மச்சானோட வெளையாடினது போதும், உடு!" என்று மாமனார் மகனை அதட்டினார்.

வாசகர்களே, ஒவ்வொரு வித்தையும் அந்தந்த ஊர் உடுப்பை நம்பித்தான் பிறக்கிறது. குளிர்தேசத்து வித்தைக்கு நம் ஊர் வெற்றுடம்பும் நல்லெண்ணெயும் எப்படித் தெரியும்? ஆனால் தோற்றால் ஆயுசு பூராவும் மூட்டை ஆயிற்றே! வெட்கத்தை விட்டுச் சொன்னேன்: "செங்கோடா, என் கோட்டைக் கொஞ்சம் போட்டுக்கொள்."

தெருவே சிரித்தது. செங்கோடன் மட்டும் சிரிக்காமல் வாங்கிக்கொண்டான். என் மனைவிதான் போய் மாட்டிவிட்டாள். அக்காவும் தம்பியும் என்னவோ முணுமுணுத்தார்கள்; கை நுழையவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். கோட்டு அவனுக்கு முழங்கையோடு நின்றுவிட்டது. இருந்தால் என்ன? காலர் இருந்ததே!

வணங்கினேன். பிடித்தேன். இடுப்பைத் திருப்பினேன். தொப்பென்று விழுந்தான்! முதுகுத் தையல் கழுத்துவரை கிழிந்தது. யார் கவலைப்பட்டது? மாமியார் அவசரமாகத் திருஷ்டி கழித்தார் — எனக்கா, மகனுக்கா என்று தெரியவில்லை.

மறுநாள் ஊருக்குப் புறப்பட்டோம். வண்டியருகே செங்கோடன் கை கட்டி ஒதுங்கி நின்றான். நானே, என் காலாலேயே ஏறினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தச் சுகத்தை என்னவென்று சொல்வேன்! மாஸ்டரிடம் ஆதாரத்தோடு சொல்ல வேண்டுமே என்று, வண்டி பூட்டிக்கொண்டிருந்தவனை மெல்லக் கேட்டேன்.

"செங்கோடா, உண்மையைச் சொல். என்னுடைய எந்தப் பிடியில் நீ விழுந்தாய்?"

மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கியபடியே சொன்னான்:

"அக்கா விழுகச் சொல்லுச்சுங்க."