பெரியம்மா என்று போட்ட கையெழுத்து

தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளையின் கால்கள் தரையைத் தொடவில்லை. கோடை விடுமுறைக்காக விடுதியை மூடும் நாள் அது. ஜவ்வாது மலையில் பழங்குடிப் பெண்பிள்ளைகளுக்கான அரசு விடுதியில் நான் காப்பாளராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. காலையிலிருந்தே பெற்றோர்கள் வந்து பதிவேட்டில் கைநாட்டு வைத்துத் தங்கள் பிள்ளைகளை அழைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் போகும் கடைசி ஜீப்பும் போய்விட்டது. தாழ்வாரத்தில் அவள் ஒருத்திதான் மிச்சம். ஐந்தாம் வகுப்பு, தாய் இல்லாதவள். “எங்கப்பா வரும் மேடம்” என்று நான் கேட்காமலேயே இரண்டு முறை சொன்னாள்.

எங்கள் விடுதியில் சமைத்தவரை எல்லாரும் சமையலக்கா என்போம். அவர் என்னை அடுப்படிக்குள் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அவுங்கப்பன் வரமாட்டான் மேடம். ஆந்திரா பக்கம் செம்மரம் வெட்ட இட்டுகினு போனாங்க. போன எடத்துல புடிச்சி ஜெயில்ல போட்டுட்டாங்களாம். ஊருக்கே தெரியும், இதுக்குத்தான் தெரியாது.”

அக்காவே அந்த விடுதியில் வளர்ந்தவர்தான். அது கல்நார்க் கூரை போட்ட ஒரே நீளக் கூடமாக இருந்த காலம். அதிகாரிகள் மலைக்கிராமங்களுக்கு நடந்தே போய்ப் பிள்ளைகளைக் கேட்பார்களாம். கொடுத்தால் திருப்பித் தரமாட்டார்கள் என்று பயந்து தாய்மார்கள் பிள்ளைகளைச் சாமைக் கொல்லைக்குள் ஒளித்துவைப்பார்களாம். பிறகு தொடர்ந்து இரண்டு வருடம் மழை பொய்த்தது. மூன்று வேளையும் சோறு போடுகிறார்கள் என்ற பேச்சு பரவியதும் அதே தாய்மார்கள் பிள்ளைகளோடு வாசலில் வந்து நின்றார்கள். அப்படி வந்தவர் அக்கா. முதல் ராத்திரி அழுதபோது யாரும் தூக்கிக்கொள்ளவில்லை என்பதை மட்டும் பல தடவை சொல்லியிருக்கிறார். எட்டாம் வகுப்போடு நின்றவர், பல வருடம் கழித்து அதே கட்டடத்துக்குத் தற்காலிகச் சமையலராகத் திரும்பி வந்தார்.

“நான் இட்டுகினு போறேன் மேடம். எங்க வூட்ல ரெண்டு கெடக்குது, மூணாவதா இதுவும் கெடக்கட்டும்.”

பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினரிடம் மட்டுமே பிள்ளையை ஒப்படைக்கலாம் என்பது விதி. அதைச் சொன்னேன். அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை. “அப்ப பெரியம்மான்னு எழுதிக்கோங்க.”

எழுதினேன். அக்கா தன் பெயரை எழுத்துக்கூட்டி அதன் எதிரே கையெழுத்துப் போட்டார். பெட்டியை அவர் தலையில் வைத்துக்கொண்டு முன்னே நடக்க, அந்தப் பிள்ளை திரும்பித் திரும்பிப் பாதையைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனாள்.

ஜூனில் பள்ளி திறந்தபோது கன்னத்தில் சதை பிடித்து வந்தாள். அந்த வாரமே அவளுடைய சித்தப்பா வந்து நின்றார். கர்நாடகத்தில் ஒரு காப்பித் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு போகிறாராம், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். அக்கா முடியவே முடியாது என்று மறித்தார். அந்த ஆள் நேராக நலத்துறை அலுவலகத்துக்குப் போய், சொந்தமில்லாத ஒருத்தி என் அண்ணன் மகளைக் கொண்டுபோய் வைத்திருந்தாள் என்று புகார் கொடுத்தார்.

மறுநாள் அதிகாரி வந்தார். பதிவேட்டை என் முன் திருப்பி வைத்து, “இவங்க பெரியம்மா இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்று சொல்லியிருந்தால் என் மேல் நடவடிக்கை வந்திருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை ஏன் விடுதியிலேயே இருக்க வேண்டும் என்பதையும் காப்பாளர் என்ற முறையில் அவரிடம் சொல்லியிருக்க முடியும். எனக்குத் தகுதிகாண் பருவம் முடியவில்லை. ஒடுகத்தூரில் என் சம்பளத்தை நம்பி ஒரு வீடு இருந்தது. “தெரியாது சார். அவங்க சொன்னதை நம்பிட்டேன்” என்றேன்.

அக்கா கதவோரம் நின்றிருந்தார். என்னை ஒரு கணம் பார்த்தார். “மேடத்துக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான்தான் பொய் சொல்ட்டேன்.”

அன்றைக்கே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பிள்ளையைச் சித்தப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு அதே பதிவேட்டில் நான் கையொப்பம் வாங்கினேன். அவர் உண்மையான சித்தப்பா. விதிப்படி எல்லாம் சரியாக இருந்தது. அவள் அழவில்லை. சமையலறைப் பக்கம் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

அதன் பிறகு எத்தனையோ விடுதிகள் பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். சில மாதங்களுக்கு முன் ஒடுகத்தூர் சந்தையில் புளி விற்றுக்கொண்டிருந்த அக்காதான் என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டார். “இன்னா மேடம், இப்டி எளைச்சிட்டீங்க?” அவர் தலை முழுக்க நரைத்திருந்தது. நான் கேட்பதற்கு முன்பே அவளைப் பற்றிச் சொன்னார். ஆறு வருடம் தோட்டத்தில் இருந்தாளாம். ஒரு நாள் தானாகவே மலையேறி வந்து அக்கா வீட்டு வாசலில் நின்றாளாம். அப்பா திரும்பவே இல்லை. படிப்பு அந்த ஐந்தாம் வகுப்போடு சரி. இப்போது கீழே ஒரு செருப்புக் கம்பெனியில் வேலை.

“ஒங்களப் பத்தி அடிக்கடி கேக்கும் மேடம். மேடம் எவ்ளோ போராடிப் பாத்தாங்க, ஆபீசருதான் கேக்கலன்னு சொல்லி வச்சிக்கிறேன்.”

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“அந்தப் புள்ளைக்குன்னு ஒருத்தராவது பேசுனாங்கன்னு இருக்கட்டுமே.”

அவர் முகத்தில் குத்தலோ கோபமோ தெரிகிறதா என்று தேடினேன். இல்லை. அவளுடைய கைபேசி எண்ணைக் கொடுத்து, “ஒரு தபா பேசுங்க, சந்தோசப்படும்” என்றார்.

பல நாள் தள்ளிப்போட்டுவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை அழைத்தேன். பின்னால் ஒரு குழந்தையின் சத்தம் கேட்டது. “யாருங்க?” என்றாள் அவள். பெரிய மனுஷியின் குரல். மறுபடியும், “யாருங்க, சொல்லுங்க” என்றாள்.

“ராங் நம்பர்மா” என்று சொல்லி வைத்துவிட்டேன்.