தம்பி அறையின் ஏசியைச் சரிசெய்தவர்

பட்டாசு ஆலையில் தீப்பட்ட என் தம்பிக்குக் காயம் ஆறியும் சூடு தாங்கவில்லை. ஆலை முதலாளி கொடுத்த சக்கரம் வைத்த ஏசியும் சித்திரையில் குளிராமல் போனது. எஸ்டிடி பூத்திலிருந்து கூப்பிட்டதும் சிவகாசியிலிருந்து மெக்கானிக் ஒருவர் வந்தார்.

ஒல்லியான மனிதர். இடது முன்கை முழுக்கப் பழைய தீத்தழும்பு. பையைத் திறக்காமல், ஏசி மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். எந்த மெஷினையும் முதலில் அப்படித்தான் கேட்பாராம்.

“கேஸு தீந்துருச்சு போலண்ணே” என்றேன்.

“இல்லம்மா. பின்னாடி குழாய் கட்டிலுக்கடியில மடங்கிக் கெடக்கு. சூடு வெளிய போகாம ரூமுக்குள்ளயே சுத்துது.”

குழாயை நிமிர்த்தி ஜன்னலில் பொருத்தினார். தூசி அடைத்த வலையைக் கழுவி மாட்டினார். காற்று குளிர்ந்தது. நான் கும்பிட்டேன். அவர் கிளம்பவில்லை. தழும்புக் கையைக் கட்டிலில் படுத்திருந்த தம்பியின் மார்புக்கு மேலே நீட்டிக்கொண்டு, மறு கையால் ஏசியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார்.

“இந்தத் தோலு வேர்க்காதும்மா. சூடும் தாங்காது, நேரா அடிக்கிற குளிரும் தாங்காது.”

“உங்களுக்குத் தீப்பட்டப்ப ஏசி இருந்துச்சாண்ணே?”

“கரண்டே இல்லம்மா” என்று சிரித்தார்.

தம்பி கண்ணயரும்வரை தரையில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கோடையில் அவன் முனகாமல் தூங்கி நான் பார்த்தது அன்றுதான்.