பூச்சடைக்கு ஒரு மாடல் படம்

“…நீ உக்காந்துட்டீன்னா அப்பறம் ஊரே வந்து உக்காரும். ஒன்ன முழுங்கவா போகுது அந்தப் போட்டோப் பெட்டி? கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள முடிஞ்சிரும் தங்கச்சி” என்று சொல்லிக்கொண்டே அக்கா என் பின்னலைக் கையில் எடுத்து நீளம் பார்த்தாள். நான் பின்னலை இழுத்து முன்பக்கம் போட்டுக்கொண்டேன்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. கல்யாணமாகி நான் குளத்தூர்ப் பக்கத்திலிருந்து புதுக்கோட்டைக்குக் குடிவந்தபோது, ஒரே கூரைக்குக் கீழே பக்கத்துப் போர்ஷனில் இருந்தவள். என் வீட்டுக்காரர் திருமயம் போகிற பஸ்ஸில் கண்டக்டர். அக்காவின் வீட்டுக்காரர் தெருமுனையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். ஸ்டூடியோ என்று பெயர்தானே தவிர, அந்தக் காலத்தில் உயிரோடு இருக்கிற பொம்பளை யார் அங்கே படியேறினார்கள்? படம் எடுத்தால் ரத்தம் சுண்டும், ஆயுசு குறையும் என்று தெருவே பேசும். அவருக்கு வந்ததெல்லாம் சாவு வீட்டு அழைப்புதான்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். வயசானவர் கண்ணை மூடிவிட்டால், குளிப்பாட்டி, வேட்டி கட்டி, நாற்காலியில் தூக்கி உட்கார வைத்து, மக்களும் பேரப்பிள்ளைகளும் சுற்றி நின்று ஒரு படம் எடுப்பார்கள். கிராமத்தில் கை வைத்த நாற்காலிக்கு எங்கே போவது? அதனால் அக்கா வீட்டுக்காரரே ஸ்டூடியோ நாற்காலியைப் பஸ் தலையில் கட்டி எடுத்துக்கொண்டு போவார். திரும்பி வந்ததும் அக்கா அதைக் கிணற்றடியில் போட்டு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவுவாள். அது வெயிலில் காய்கிற வரைக்கும் நான் தண்ணீர் இறைக்கப் போகமாட்டேன். “நாக்காலி என்னடி செய்யும், எந்திரிச்சா வரும்?” என்று சிரிப்பாள்.

அந்த ஸ்டூடியோவில்தான் நான் மாடலாக உட்கார வேண்டும் என்றாள்.

யோசனை அவளுடையது. சமைந்த பெண்ணுக்கும், கல்யாணப் பெண்ணுக்கும், வளைகாப்புக்காரிக்கும் சடையில் பூத் தைப்பார்களே, அப்படித் தைத்துக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்தால், ஒரே படத்தில் முதுகுப்பக்கம் சடையும் விழும், கண்ணாடிக்குள் முகமும் விழும். அப்படி ஒரு மாடல் படத்தை வாசல் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டால், பார்க்கிற பெண்கள் தங்களுக்கும் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடிப்பார்கள் அல்லவா?

“நீங்களே உக்காரலாமேக்கா?” என்றேன்.

“எனக்கு இருக்குறது எலி வாலு. அதுல பூ வச்சா எலிதான் ஓடும்” என்றாள்.

அது அரைக் காரணம். மீதியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் தெருவில் ஒரு வளைகாப்பில் அவள் வளையல் எடுக்கக் கை நீட்டியபோது, தட்டை வைத்திருந்தவள் யாரோ கூப்பிட்ட மாதிரித் திரும்பிக்கொண்டாள். நீட்டிய கையை அக்கா அப்படியே கொண்டுபோய்த் தன் கொண்டையைச் சரிசெய்துகொண்டாள். அவள் பூச்சடையோடு கண்ணாடிப் பெட்டியில் உட்கார்ந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா?

சரி, நான் ஏன் பயந்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வருஷம் எனக்கு ஒரு பிள்ளை வயிற்றிலேயே தங்காமல் போனது. அன்றைக்கு என் வீட்டுக்காரர் பஸ் வேலையில். அக்காதான் ஜட்கா வண்டி பிடித்து, என் தலையை மடியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பத்தியக் கஞ்சி வைத்ததும் அவள்தான். இப்போது மறுபடி நாள் தள்ளிப் போயிருந்தது. மூன்று மாசம் முடிகிற வரைக்கும் வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு. மாமியார் ஊரிலிருந்து வந்தபோது அதோடு நிற்கவில்லை. “யாருகிட்ட சொன்னாலும் பக்கத்துப் போர்சன்காரிகிட்ட மட்டும் மூச்சு விட்றாத. நல்லவதேன். ஆனா பெறாதவ கண்ணு பொல்லாதது” என்று காதுக்குள் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

என்ன காரணம் சொல்லி மறுப்பேன்? காரணத்தைச் சொன்னால் கண் பட்டுவிடும். சொல்லாமல் உட்கார்ந்தால் பெட்டி ரத்தத்தை உறிஞ்சிவிடும். ராத்திரி சோறு போடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“வேணாம்னு சொல்லிரு” என்றார்.

“நீங்க போய்ச் சொல்லுங்களேன்.”

“நானா? அந்தக்கா ஏன்னு கேட்டா என்னத்தச் சொல்றது? எனக்குப் பொய்யி வராது.”

“பஸ்ல எடமில்ல எடமில்லன்னு நாளெல்லாம் என்னத்தச் சொல்றீகளாம்?”

சிரித்தார். ஆனால் அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் போன பிள்ளையின் நினைப்பு.

மறுக்க வழி தெரியாமலே வெள்ளிக்கிழமை வந்தது. விடிந்ததும் அக்கா ஈரத் துணியில் மல்லிகை மொட்டோடு வந்தாள். வாழைப்பட்டையை என் சடை நீளத்துக்கு நறுக்கி, வரிசை வரிசையாக மொட்டை வைத்து ஊசியால் தைத்தாள். ஓரத்துக்குக் கனகாம்பரம். தைத்த பட்டையைச் சடைமேல் வைத்துப் பின்னால் நாடாவால் இடம் இடமாக முடிச்சுப் போட்டாள். வாசனை தொண்டைக்குள் ஏறியது. அவள் விரல் என் கழுத்தில் பட்டபோதெல்லாம் உடம்பு தூக்கிப் போட்டது. என்னைத் தூக்கிச் சுமந்த கைதான் அது; அந்தக் கைக்கே நான் பயந்தேன்.

“ஏண்டி இப்பிடி வேர்க்குது? பவுடர் நிக்காது போலயே” என்று தன் கல்யாணப் பட்டுச் சேலையை எனக்குச் சுற்றிவிட்டாள்.

ஸ்டூடியோவுக்குள் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. குளமும் அன்னமும் வரைந்த திரை. அதன் முன்னால் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடிக்கு எதிரே அந்த நாற்காலி. வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“இதுல மாட்டேன்க்கா.”

அக்கா என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் நாற்காலியை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்தாள். “சாஞ்சா சடை நசுங்கும். ஸ்டூலுதான் சரி” என்று தன் வீட்டுக்காரரிடம் காரணம் வேறு சொன்னாள்.

உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் பெரிய பல்புகள் எரிந்தன. முதுகு காந்தியது. கண்ணாடிக்குள் என் முகம் யாருடையதோ போல இருந்தது. அதற்குப் பின்னால் மூன்று கால் பெட்டி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்த ஸ்டூடியோக்காரர், பக்கத்தில் அக்கா.

“ஆடாத தாயி! நான் எடுக்குற ஆளுக யாரும் ஆடுனதே இல்ல” என்று துணிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

“நல்ல நாளும் அதுவுமா வாயக் கழுவுங்க!” என்று அக்கா கத்தினாள்.

“மூச்சப் புடிச்சுக்க தாயி.”

மூச்சைப் பிடித்தேன். அந்தப் பெட்டியின் ஒற்றைக் கண் கண்ணாடிக்குள் என்னையே பார்த்தது. என்னை அறியாமல் என் கை மடியிலிருந்து மேலேறி அடிவயிற்றைப் பொத்திக்கொண்டது. முதுகைக் காட்டித்தானே உட்கார்ந்திருக்கிறேன், யார் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணம் போலிருக்கிறது. கண்ணாடியை மறந்துபோனேன்.

அக்காவின் கண் கண்ணாடிக்குள் என் கைமேல் இருந்தது.

“கொஞ்சம் பொறுங்க” என்றாள் அவரிடம். பிறகு என் பின்னால் வந்து நின்று, மெதுவாக, “எத்தன மாசம்?” என்றாள்.

இரண்டு விரலைக் காட்டினேன்.

“சொல்லக் கூடாதுன்னாகளா ஒங்க மாமியா?”

தலையாட்டினேன்.

“யாருகிட்டயுமேவா? இல்ல, எங்கிட்டயா?”

நான் குனிந்துகொண்டேன். அதைவிடப் பதில் என்ன வேண்டும்? பல்பின் உஷ்ணத்தில் பூ வாசனை கமறியது. அவள் மூச்சு என் உச்சந்தலையில் படுவது தெரிந்தது. இப்போது அவள் மனசு நொந்து ஒரு வார்த்தை விட்டால்கூட என் வயிற்றில் இருப்பது நிற்காது என்று நடுங்கினேன். மாரியாத்தாளைக் கூப்பிட்டேன்.

அவள் விரல்கள் என் சடையில் இறங்கின. ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்தது. கோபத்தில் அவிழ்க்கிறாள், பூவைப் பிய்த்து எறியப் போகிறாள் என்றே நினைத்தேன். ஒரு மொட்டுக்கூட உதிராமல் பட்டை முழுசாகக் கழன்று அவள் கைக்குப் போனது.

“எந்திரி. அங்கிட்டுத் தள்ளி, வெளிச்சம் மேல படாம நில்லு.”

ஸ்டூடியோக்காரர் துணியை விலக்கித் தலையை வெளியே நீட்டினார். “என்ன புள்ள செய்யிற?”

“இந்தப் புள்ளைக்கு மயக்கமா வருது. நான் உக்காரப் போறேன்.”

“நீயா? வாசப் பெட்டியில வைக்கிற படம்டி. போறவன் வாரவன் எல்லாம்…”

“தெரியும்.”

சுவரில் ஆணியில் தொங்கிய சவுரி முடியை எடுத்துத் தன் முடியோடு சேர்த்து அக்கா வேகமாகப் பின்னினாள். பூப்பட்டையை என்னிடம் நீட்டி, “இறுக்கிக் கட்டு” என்றாள். கட்டினேன். நான் இழுத்து முடிச்சுப் போட்டபோதும் அவள் தலை அசையவில்லை. முடித்ததும் என்னைத் திரைக்கு அந்தப் பக்கம் கையால் தள்ளிவிட்டு, ஸ்டூலில் போய் உட்கார்ந்து, கண்ணாடியில் தன் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு, “ம், எடுங்க” என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.