மூடி போட்டு எடுத்த படம்

இது கட்டிவிட்ட கதை இல்லை. நம்பாதவர்கள் ஓசூருக்கு வந்து சௌந்தரராஜனையே கேட்டுக்கொள்ளலாம். என்ன, கொஞ்சம் சீக்கிரம் வரவேண்டும்.

அவருக்குச் சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறார். போன தை மாதம் அவர் மனைவி மோகனப்ரியா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அவர் அழவே இல்லை. ஷிப்டுக்குப் போவார், வருவார், சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவார். இருந்தாலும் சரி, செத்தாலும் சரி என்று ஆகிவிட்டது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆசை. வானத்தில் ரோஜாப்பூ மாதிரிச் சிவப்பாக ஒரு நெபுலா, அதாவது வாயு மேகம், அதன் நடுவே புதிதாகப் பிறந்த நட்சத்திரக் கூட்டம்; அதைப் படம் பிடிக்க வேண்டும். ஒரு ராத்திரி எடுத்தால் போதாது. பல ராத்திரிப் படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் நிறம் எழும்பும். பாதியை மோகனப்ரியாவோடு உட்கார்ந்து எடுத்திருந்தார். பாக்கியையும் எடுத்துச் சேர்த்துவிட்டால், அவளோடு ஆரம்பித்ததில் ஒன்றாவது முடியும்.

அதனால் இந்தத் தையிலும், ஓசூர் வெளிச்சத்துக்குத் தப்பி, சிங்காரப்பேட்டைக்குப் போனார். கூட வேலை பார்க்கும் ஆனந்தராஜின் மாந்தோப்பை ஒட்டி, போன வருடம் அவளோடு உட்கார்ந்த அதே பாறை. ஆனந்தராஜும் போர்வையைச் சுற்றிக்கொண்டு, குளிருக்கு அவரை இடித்தபடி உட்கார்ந்தான்.

இரண்டு மணி வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கடைசியில் லென்ஸை மூடிவிட்டு, வெறும் இருட்டையும் சில படங்கள் எடுக்க வேண்டும். கேமரா தானாகப் போடும் புள்ளிகளை அதை வைத்துத்தான் கணினி கழிக்கும். அந்தக் கறுப்புப் படங்களை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அன்றைக்கு அவர் கேமராவின் திரையை அணைக்க மறந்துவிட்டார்.

டிக்.

முதல் படம். கறுப்பு.

டிக்.

இரண்டாவது. சாம்பலாக ஏதோ... மூடியைத் தடவிப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது.

டிக்...

பாறை.

கேமரா வானத்தைப் பார்த்து நின்றது. படத்தில் இந்தப் பாறை. அதன்மேல் போர்வையோடு ஆனந்தராஜ்.

ஆனந்தராஜ் எட்டிப் பார்த்தான்.

"அண்ணா, இது நாந்தான?"

"ம்."

"நீங்க எங்கண்ணா?"

இருவர் தோளும் உரசிக்கொண்டிருந்தன. படத்தில் அவன் பக்கத்தில் வெறும் கல்.

சௌந்தரராஜனுக்கு அப்போதும் பயம் வரவில்லை. கேமரா கோளாறு என்று சொல்லிச் சாமானை மூட்டை கட்டினார்.

விடியும்போது ஓசூர் வந்தார். போன வருடமும் இந்தக் கோளாறு இருந்ததா என்று பார்க்க, அப்போது எடுத்த கறுப்புப் படங்களை முதல்முறையாகத் திறந்தார்.

அதே பாறை.

அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

அந்த ராத்திரி முழுக்க மோகனப்ரியா அவர்மேல் சாய்ந்துதான் இருந்தாள். படத்திலும் அவருடைய இடது தோள் பாரத்தில் சரிந்திருந்தது...

பக்கத்தில் யாரும் இல்லை.

தேதியைப் பார்த்தார். அவள் காய்ச்சலில் படுத்தது அதற்கு மறுநாள்.

ஆனந்தராஜுக்குப் போன் போட்டார்.

"சாகப் பயமா இருக்குய்யா. கொஞ்சம் வாரியா?"