டா போடும் அம்மன்

புதுச்சேரியில், சாரம் பகுதியில் இட்லி மாவு அரைத்து விற்கும் என் அத்தைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மன் வரும். எனக்கு அம்மன் மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது, அத்தை மேல் உண்டு. அதனால் வாரம் தவறாமல் போய்விடுவேன். கடைசியில் சுண்டல் கிடைக்கும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அத்தைக்கு முன்னால் கைகட்டி நிற்பவர்களில் பெரிய அரசு அதிகாரி ஒருவர் உண்டு. அவர் வந்த முதல் நாள் நானும் இருந்தேன். மாவு வாங்க வந்த அவருடைய மனைவி கேள்விப்பட்டுக் கூட்டி வந்திருந்தார். மனிதர் வாசலில் போட்டிருந்த கோலத்தின் மேலேயே ஷூவைக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே வந்தார். அம்மன் வந்து ஆடிக்கொண்டிருந்த அத்தை சட்டென்று நின்று, "எங்கடா கால வச்சிட்டு வர்ற?" என்றாள்.

அது ஷூ விஷயம்தான் என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். அவருக்கோ கண்ணில் தண்ணீர் கொட்டியது. தன் வாழ்க்கையையே அம்மன் தட்டிக் கேட்டுவிட்டதாக எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் ஒரு டாக்டரைக் கூட்டி வந்தார். டாக்டர் ஒரு காண்டிராக்டரை, காண்டிராக்டர் ஒரு கட்சிக்காரரை. தெருமுனையில் கார்கள் நிற்க ஆரம்பித்தன. அத்தை யாருக்கும் குறி சொன்னதில்லை. நாளெல்லாம் சார், சார் என்று கேட்டுச் சலித்த காதுகளுக்கு வாரம் ஒரு டா தேவைப்பட்டது என்றுதான் நினைக்கிறேன்.

அப்போது நான் ஒரு புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர்களின் காகிதங்களை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு, ஆசைக்கு எப்போதாவது ஒரு புத்தகம். இது எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்பு ஐரோப்பாவில் வாழ்ந்த ஒரு கன்னியாஸ்திரியின் கதை. அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே காட்சிகள் தெரியும். நான் படிக்காதவள், இது என் பேச்சில்லை, மேலேயிருந்து வருவது என்று சொல்லிக்கொண்டே பேரரசனுக்குக் காய்ச்சிக் காய்ச்சிக் கடிதம் எழுதினாள். அவனும் வாங்கிக் கட்டிக்கொண்டான். பிஷப்புகளும் அப்படியே. தனக்கென்று எதுவும் கேட்காதவள் என்பதால் அவள் வார்த்தைக்கு அவ்வளவு பயம்.

பிரெஞ்சில் அவள் பேரரசனை ஒருமையில் 'தூ' என்கிறாள். நான் மரியாதை பார்த்து 'தாங்கள்' என்று போட்டிருந்தேன். படித்தால் தாலுகா ஆபீஸ் மனு போல இருந்தது. அரிசி களைந்துகொண்டிருந்த அத்தையிடம் புலம்பினேன்.

"சாமி பேசுறப்ப எவடி வாங்க போங்கன்னுவா? நீன்னு போடு," என்றாள்.

போட்டேன். புத்தகத்துக் கன்னியாஸ்திரிக்கு உயிர் வந்துவிட்டது.

அத்தைக்கு ஒரே மகள், அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளை ஏனாமுக்கு மாற்றி மூன்று வருஷம் ஆகியிருந்தது. புதுச்சேரி அரசு வேலை என்றால் கோதாவரிக் கரையில் இருக்கும் ஏனாமும் அதில் சேர்த்தி. பேத்தி அங்கே தெலுங்கில் விளையாடுகிறாள், போனில் "ஆயா" என்று கூப்பிட்டுவிட்டு அடுத்த வார்த்தைக்குத் தடுமாறுகிறாள். போனை வைத்ததும் அத்தை ஏற்கெனவே களைந்த அரிசியை இன்னொரு தடவை களைவாள். அவளைத் திரும்ப இங்கே மாற்றும் கோப்பு போக வேண்டியதோ நம் அதிகாரியின் மேசைக்கு.

"வெள்ளிக்கிழம அவர் வர்றப்ப ஒரு வார்த்த சொல்லேன் அத்த," என்றேன்.

"அம்மா வர்றப்ப நான் எங்கடி இருக்கேன்? எம் பொண்ணு கதைய அவ வாயில நான் எப்பிடி வைக்கிறது?"

புத்தகத்தின் கன்னியாஸ்திரிக்கும் பிரியமான சீடப்பெண் ஒருத்தி இருந்தாள். அவளைத் தூரத்து மடத்துக்கு அனுப்பியபோது, திருப்பி அனுப்பச் சொல்லி போப்பாண்டவர் வரை எழுதிப் பார்த்தாள். அந்த ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்தப் பகுதியை நான் அத்தையிடம் சொல்லவில்லை.

நானே மனு எழுதி, திங்கட்கிழமை அத்தையை அதிகாரியின் ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் அறையை விட்டு வெளியே வந்ததும் அத்தை பதறி எழுந்து, "வணக்கங்க ஐயா," என்றாள். வெள்ளிக்கிழமைகளில் அவரை டா போடும் அதே வாய். அவர் ஒரு நிமிஷம் கூச்சப்பட்டார்.

"நீங்க ஏம்மா இவ்வளவு தூரம் வந்தீங்க? குடுத்துட்டுப் போங்க, பாக்கலாம்."

மனு பியூன் கைக்குப் போனது. மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதைதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆட்டோவில் வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டினேன்.

"பாவம்டி, அவருக்கு எவ்ளோ வேலயோ," என்றாள் அத்தை.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தார். அம்மனும் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நான் அந்த அம்மனை நிஜமாகவே வேண்டிக்கொண்டேன், சொல்லிவிடு தாயே என்று. அம்மன் காண்டிராக்டரைக் குடியை விடச் சொன்னது. அதிகாரியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தது.

"ஏன்டா இப்பிடி எளச்சிட்ட? வேளைக்குச் சாப்புடு," என்று நெற்றியில் திருநீறு பூசியது. அவ்வளவுதான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

அம்மன் இறங்கியதும் அத்தைக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எல்லோரும் போய்விட்டார்களா என்று வாசலை எட்டிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

"ஏன்டி, எம் பொண்ணப் பத்தி அவ ஏதாச்சும் சொன்னாளா?"