நாற்பத்தேழாவது கல்

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். திருப்பூர், மூணாறு, கோட்டயம் என்று சுற்றிவிட்டு, இரண்டு வருடம் முன்பு ராயப்பன்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் பெட்டி தூக்கும் வேலையில் ஒட்டிக்கொண்டேன். மாதா கோயிலை ஒட்டிய கூடத்தில் சாயங்காலம் கூலிக்காரர் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்த பெண் பிரசவத்துக்குப் போய்விட்டதால், அவள் வரும்வரை என்னை உட்கார வைத்தார்கள். சாப்பாடு உண்டு. அதற்காகத்தான் ஒத்துக்கொண்டேன்.

பிள்ளைகளில் ஒருத்தி அம்மாவோடு ஏலக்காய் மலைக்குப் போய் ஒரு வருடப் படிப்பை விட்டவள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் டீச்சர் கணக்குக் கேட்பார். சொல்லிவிட்டால் ஐந்தாம் வகுப்பு. இல்லையென்றால் நாலாம் வகுப்பில் தம்பியோடு உட்கார வேண்டும். அதற்கு மலைக்கே போய்விடுவேன் என்று சொல்லியிருந்தாள். மறுபடி மலைக்குப் போக இருந்த அம்மாவுக்கும் துணைக்கு ஒரு கை தேவையாகத்தான் இருந்தது.

பாடம், எண்களை அருகிலுள்ள பத்துக்கு முழுதாக்குவது. 43ஐ 40 என்று எழுதினாள். சரி. 47க்கும் 40. 49க்கும் 40. மற்ற பிள்ளைகளும் அப்படியே எழுதியிருந்தார்கள். ஐந்தும் அதற்கு மேலும் வந்தால் ஏற்ற வேண்டும் என்று மூன்று நாள் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி இறக்கியே எழுதினார்கள். நான்காம் நாள் கோபித்துக்கொண்டபோது அவள்தான் சொன்னாள்.

"எடை போடுறவுக அப்படித்தானண்ணே போடுவாக?"

தினமும் தராசில் பெட்டியை ஏற்றுகிறவன் நான். முந்நூற்று நாற்பத்தேழு கிலோ காட்டினால், ஈரத்துக்கு, காம்புக்கு என்று சொல்லி முந்நூற்று நாற்பது எழுதுவார்கள். ஏற்றி எழுதி அந்தப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. நானும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவளைத் திராட்சைப் பந்தலுக்குக் கூட்டிப்போனேன். கல்தூண்களில் வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டிருக்கும். ஒன்றில் தொடங்கி முன்னோக்கிப் பறித்துக்கொண்டே போவார்கள். பத்துக் கல்லுக்கு ஒரு தண்ணீர்க் குடம் வைத்துக்கொள்வது பறிக்கிற பெண்களின் வழக்கம். நாற்பத்தேழாவது கல்லில் அவளை நிறுத்தினேன். தண்ணி தவித்தால் எந்தக் குடத்துக்குப் போவாய் என்றேன். ஐம்பதாம் கல்லுக்கு என்றாள். ஏன் நாற்பதுக்குப் போகவில்லை என்றதற்கு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏழு கல்லு திரும்பி நடக்கவா? கிறுக்காண்ணே உங்களுக்கு?"

அதற்குப் பிறகு நான் எண்ணைச் சொல்லச் சொல்ல, அவளே குடத்துக்கு ஓடினாள். கடைசியில் நாற்பத்தைந்து. ஏற்ற வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியாது, கேட்டால் முழித்திருப்பேன். அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஐம்பதுக்கு நடந்தாள்.

"பின்னால பறிச்சாச்சு. பறிக்காதது முன்னாலதான கெடக்கு."

புத்தகம் எழுதியவர்கள் என்ன நினைத்தார்களோ, எனக்கு அது போதுமாக இருந்தது.

திங்கட்கிழமை லோடு இருந்ததால் பள்ளிக்கூடத்துக்கு நான் போகவில்லை. சாயங்காலம் அவள் நேராகத் தராசடிக்கு வந்தாள். டீச்சர் நாற்பத்தைந்துதான் கேட்டாராம். ஐந்தாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்களாம். பறித்துக் களைத்து நின்ற அவள் அம்மா, அப்படியென்றால் சித்தி வீட்டில் இருந்துகொள் என்று மட்டும் சொன்னாள்.

அப்போது தராசு இருநூற்று அறுபத்தெட்டு காட்டியது. எடை போடுகிறவர் இருநூற்று அறுபது என்றார்.

"எழுவதுதான கிட்ட?" என்றாள் அவள்.

அவர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏலே, உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளையா இது?"

ஆமாம் என்றேன். அவர் அறுபதுதான் எழுதினார். பெட்டியை இறக்கும்போது பக்கத்தில் வந்து கேட்டாள்.

"பள்ளிக்கூடத்துல ஒண்ணு, இங்கன ஒண்ணாண்ணே?"

"ஆமா."

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து, தராசு காட்டிய எண்ணை எழுதி, பக்கத்தில் 270 என்று எழுதிக்கொண்டாள்.