கௌசரின் வெளுத்த கோழிகள்

சடையங்குப்பத்தில் தகரக் கொட்டகை போட்டு ஐந்நூறு பிராய்லர் கோழி வளர்த்தாள் கௌசர். புருஷன் மௌத்தான பிறகு அவளுக்கும் மகள் நவ்ரீனுக்கும் அந்தக் கொட்டகைதான் சோறு போட்டது. தீனிக்கு மக்காச்சோளம் கொடுத்து வந்தவன் கல்மண்டபத்து வியாபாரி சாவியோ.

மழைக்குப் பிறகு அவன் அனுப்பிய மக்காச்சோளம் பச்சைப் பூசணம் பூத்திருந்தது. தின்ற கோழிகள் கழுத்துத் துவண்டு செத்தன. அறுத்துப் பார்த்தால் ஈரல் மஞ்சளாக வீங்கியிருந்தது. கௌசர் மூட்டைகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, கம்பை வாங்கி அரைத்து, சோயாப் புண்ணாக்கோடு கலந்து போட்டாள். அடுத்து வந்த குஞ்சுகள் எடை குறையாமல் வளர்ந்தன. மக்காச்சோளம் தரும் மஞ்சள் மட்டும் தோலில் ஏறவில்லை, வெளுத்திருந்தன.

அக்கம்பக்கத்துக் கொட்டகைக்காரர்களும் கம்புக்கு மாறினார்கள். சாவியோவின் கிடங்கில் மூட்டைகள் தேங்கின. "கௌசரு கோழிக்கு சீக்கு. அதான் வெளுத்துக் கீது" என்று புளியந்தோப்புக் கறிக்கடைகளில் கிளப்பிவிட்டான். கௌசர் கடைகடையாகப் போய்க் கோழியை அறுத்து, வீங்காத சிவந்த ஈரலைக் காட்டினாள். அவன் பேச்சு எடுபடவில்லை.

ஒரு ஞாயிறு காலை மூன்று ஆட்களோடு, இரும்பு ராடும் கையுமாக வந்தான்.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுகினு நிம்மதியா கீறியா?"

"பூசணம் புடிச்சத குடுத்தது நீ. மொதல்ல வெளிய போ."

கொட்டகையைச் சுற்றிக் கட்டிய கம்பி வலையைக் கிழித்தார்கள். மூலையில் குவிந்த கோழிகளைச் செருப்புக் காலால் மிதித்தார்கள். எலும்பு நொறுங்குவது காதில் விழுந்தது. தடுக்கப் போன கௌசரின் இடது முழங்கையில் ராடு இறங்கியது. நவ்ரீனின் தலைமுடியைச் சாவியோ கொத்தாகப் பிடித்து இழுத்ததும், தீனி கலக்கும் மண்வெட்டியை வலது கையால் எடுத்தாள் கௌசர். ஒரே வீச்சில் அவன் காது பாதி அறுந்து தொங்கியது. விழுந்தவனை மறுபடி அடித்தாள், தாடையில். நவ்ரீன் பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆட்கள் அவனை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

போலீஸ் கௌசர், சாவியோ இரண்டு பேர் மீதும் வழக்குப் போட்டது. சாவியோவுக்கு அந்தக் காது கேட்காமல் போயிற்று. கௌசரின் முழங்கை இனி முழுசாக நீளாது. நூற்றுச் சொச்சம் கோழிகள் பிழைத்தன. அவற்றுக்குக் கம்பு அரைக்கும் வேலையை நவ்ரீன் எடுத்துக்கொண்டாள்.

"அந்தாளு செத்திருந்தா இன்னாம்மா பண்ணிருப்ப?" என்று கேட்டாள் மகள்.

கௌசர் நீளாத முழங்கையைத் தடவிக்கொண்டாள். "மொத அடி உனக்காவ அடிச்சேன். ரெண்டாவது அப்பிடி இல்லடி. அடிக்க நல்லா இருந்துச்சு. அத நெனச்சாதான் பேஜாரா கீது."

செத்த கோழிகளைப் புதைத்த குழியை நாய் தோண்டியிருந்தது. இருவருமாக மண்ணைத் தள்ளி மூடி, மேலே சுண்ணாம்பைக் கொட்டினார்கள்.